கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதா? – வகுப்பறை ஸ்பீக்கரும் அதற்கேற்ற பெருக்கியும்



கங்கைகொண்டானில் நான் பணிபுரியும் பள்ளியில் ஒரு நாள் தமிழாசிரியர் விடுப்பு. அறிவியல் ஆசிரியரான எனக்கு அந்தப் பாடவேளை வந்தது. "பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுதல் வைத்துவிடுங்கள்" என்று அவர் தம் குரலிலேயே 20 சொற்களைப் பதிவுசெய்து செல்பேசிக்கு அனுப்பியிருந்தார். பாய், தாய், காய், சாய், வாய், நாய். படி, தடி, கடி, நடி, மடி, வடி என்று முதலெழுத்து மட்டும் மாறும் சொற்கள். வகுப்பில் இருந்த ஸ்பீக்கரில் போட்டேன். ஒலி அதிர்ந்தது. ஜன்னல் கம்பிகூட நடுங்கியது.

தாள்களைத் திருத்தும்போது பார்த்தால், முதல் இரண்டு பெஞ்சுகள் சரி. கடைசி இரண்டு பெஞ்சுகளில் 'தாய்' எல்லாம் 'காய்' ஆகியிருந்தது, 'படி' எல்லாம் 'கடி' ஆகியிருந்தது. "இவ்வளவு சத்தமாக வைத்தும் கவனிக்கவில்லையா?" என்று கடிந்துகொண்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சத்தம் கேக்கு டீச்சர். என்ன சொல்லுதுன்னுதான் தெரியல."

பத்தாம் வகுப்பில் ஒலியியலை ஆண்டுதோறும் நடத்தும் எனக்கு அந்த ஒரு வரி பெரிய பாடமாக அமைந்தது. சத்தம் கேட்பது வேறு, சொல் புரிவது வேறு. நம் பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் வந்துவிட்டன. கேட்டல் பயிற்சிகள் வந்துவிட்டன. திறன் வகுப்பறைகளும் வந்துள்ளன. ஆனால் ஸ்பீக்கரை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதற்கு எந்தப் பெருக்கியைப் பொருத்துவது என்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் தவறு செய்து கற்றதை இங்கே பகிர்கிறேன். இதில் வரும் கணக்குகள் பலவும் நம் பாடநூலின் மின்னோட்டவியல், ஒலியியல் பாடங்களை ஒட்டியவையே. எனவே ஸ்பீக்கர் வாங்கும் வேலையையே ஒரு பாடமாக நடத்திவிடலாம்.

'ஒலிபெருக்கி' என்ற சொல் இரண்டு கருவிகளையும் குறிப்பதால் குழப்பம் வரும். இக்கட்டுரையில் ஒலியை வெளியிடும் பெட்டியை ஸ்பீக்கர் என்றும், அதற்கு மின்திறன் தரும் கருவியைப் பெருக்கி என்றும் குறிப்பிடுகிறேன்.

ஏன் சொல் தொலைகிறது?

பேச்சில் உயிரொலிகளுக்கு ஆற்றல் அதிகம். அவை பெரும்பாலும் 1000 ஹெர்ட்சுக்குக் கீழே வலுவாக உள்ளன. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் ச, த, ப போன்ற மெய்யொலிகளோ ஆற்றல் குறைந்தவை. அவற்றின் அடையாளம் ஏறக்குறைய 2000 முதல் 8000 ஹெர்ட்சுக்குள் இருக்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அதனால்தான் தொலைபேசியில் பெயர் சொல்லும்போது எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் வகுப்பில் இருந்தது வீட்டில் படம் பார்க்க வாங்கும் வகை. ஒரு பெரிய பேஸ் பெட்டி, இரண்டு கையகல ஸ்பீக்கர்கள். பேஸ் ஒலி எழும்பி மெல்லிய மெய்யொலிகளை மூடிவிட்டது. அதோடு மின்விசிறிச் சத்தம், நான்கு வழிச் சாலையிலிருந்து வரும் சிப்காட் லாரிகளின் ஹாரன், ரயில் கடக்கும் ஓசை. ஒலியளவைக் கூட்டக் கூட 'ஆய்' மட்டும் பெரிதானது. முன்னால் இருந்த த், ப் என்ற ஒலி பெரிதாகவில்லை.

அட்டைப்பெட்டியில் எழுதிய வாட்

அந்தப் பெட்டியின் அட்டையில் 2000 வாட் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்டிருந்தது. கருவியின் பின்பக்கத் தகட்டைப் பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டி, "மின் இணைப்பிலிருந்து இது எவ்வளவு எடுக்கிறது?" என்று கேட்டேன். 60 வாட் என்றார்கள். "60 வாட் வாங்கிக்கொண்டு 2000 வாட் எப்படித் தரும்?" என்றதும் வகுப்பே சிரித்தது. ஆற்றல் அழிவின்மை விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேர உச்சத்தைக் கற்பனையாகப் பெருக்கிச் சொல்லும் விளம்பர எண். நாம் பார்க்க வேண்டியது தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் மட்டுமே. அந்த எண் இல்லாத கருவியைப் பள்ளிக்கு வாங்க வேண்டாம்.

வாட்டைவிட முக்கியமான எண்

ஸ்பீக்கரின் விவரத் தாளில் உணர்திறன் என்றொரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கும் என்பதே அது. சிறிய ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 83 முதல் 89 டெசிபல் வரை இருக்கும். இரண்டு விதிகளைக் கரும்பலகையில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. தொலைவு இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும்.
2. மின்திறன் இரட்டிப்பானால் 3 டெசிபல் மட்டுமே கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும்.

இப்போது எங்கள் வகுப்பறைக்குக் கணக்கிடுவோம். ஸ்பீக்கரிலிருந்து கடைசி பெஞ்சு 6 மீட்டர். மின்விசிறி ஓடும்போது செல்பேசிச் செயலியில் அளந்தபோது இரைச்சல் ஏறக்குறைய 60 டெசிபல். (செயலி துல்லியமான கருவி அன்று. ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.) பேச்சு தெளிவாகப் புரிய இரைச்சலைவிட ஏறக்குறைய 15 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும். ஆக, கடைசி பெஞ்சில் 75 டெசிபல் தேவை.

86 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 86, 2 மீட்டரில் 80, 4 மீட்டரில் 74, 8 மீட்டரில் 68. 6 மீட்டரில் ஏறக்குறைய 70 டெசிபல். இன்னும் 5 டெசிபல் வேண்டும். அதற்கு 3 வாட் போதும். ஆனால் பேச்சு சீராக இருப்பதில்லை. அதன் உச்சங்கள் சராசரியைவிட 10 டெசிபல் அளவுக்கு எழும்பும். அந்த உச்சம் வெட்டுப்படாமல் வர பத்து மடங்கு, அதாவது 30 வாட் இருப்பு வேண்டும். இது திறந்தவெளிக் கணக்கு. வகுப்பறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும்.

இதே இடத்தில் 83 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் 60 வாட் பெருக்கி தேவைப்படும். 89 டெசிபல் வாங்கினால் 15 வாட் போதும். உணர்திறனில் 3 டெசிபல் கூடுவது பெருக்கியின் திறனை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

இன்னொன்றையும் மாணவர்களே கண்டுபிடித்தார்கள். கடகடவென்று ஆடிய ஒரு மின்விசிறியைப் பழுதுபார்த்ததும் இரைச்சல் 3 டெசிபல் குறைந்தது. அதுவும் பெருக்கியின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்தான். செலவு ஒரு பேரிங் மட்டுமே. கருவி வாங்குமுன் இரைச்சலைக் குறைக்கப் பாருங்கள். பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நம்மால் அதை எட்ட முடியாமல் போகலாம். அந்தத் திசையில் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் பிள்ளைகளுக்கு லாபம்.

நான் கருகவிட்ட பெருக்கி

சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டு விழா. எங்களிடம் 8 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கு இருந்தன. நான்கின் சிவப்புக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி ஒரே பெருக்கியில் மாட்டினேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரம் மனப்பாடம் செய்த உரையைப் பேசத் தொடங்கினாள். நான்காவது நிமிடத்தில் கருகிய வாடை, பிறகு அமைதி. அவள் சற்று நேரம் ஒலியில்லாமலே பேசினாள், பிறகு நிறுத்திவிட்டாள்.

மைக்செட் அண்ணாச்சி வந்து பார்த்தார். "நாலு பெட்டியையும் ஒரே இணைப்புல பக்கத்துப் பக்கத்துல மாட்டிட்டியளே டீச்சர். ரெண்டு ஓமுல்லா ஆயிருக்கும்?" என்றார். பக்க இணைப்பில் மின்தடை குறையும் என்று வருடம் தவறாமல் நடத்துகிறவள் நான். எனக்கு அவர் சொல்ல வேண்டியதாயிற்று.

கணக்கு இதுதான். பெருக்கி 16 வோல்ட் தருவதாகக் கொள்வோம்.

8 ஓம் ஒன்று: மின்னோட்டம் 2 ஆம்பியர், திறன் 32 வாட்.
8 ஓம் இரண்டு, பக்க இணைப்பில் (4 ஓம்): 4 ஆம்பியர், 64 வாட்.
8 ஓம் நான்கு, பக்க இணைப்பில் (2 ஓம்): 8 ஆம்பியர், 128 வாட்.

4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று வடிவமைத்த பெருக்கியிடம் இருமடங்கு மின்னோட்டம் கேட்டால் அது சூடாகிக் கருகத்தான் செய்யும். இரண்டிரண்டு ஸ்பீக்கர்களைத் தொடரிணைப்பில் சேர்த்து 16 ஓம் ஆக்கி, அந்த இரண்டு 16 ஓம் தொகுதிகளையும் பக்க இணைப்பில் சேர்த்திருந்தால் மொத்தம் 8 ஓம். ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்த கூட்டத்தில் அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டு, அதே உரையை மீண்டும் பேசவைத்தேன்.

ஸ்பீக்கரில் எழுதியுள்ள 8 ஓம் என்பது மல்டிமீட்டரில் அளக்கும் மின்தடை அன்று. மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்தத் தடையான இம்பீடன்ஸ். மல்டிமீட்டர் ஏறக்குறைய 6 ஓம் காட்டினால் ஸ்பீக்கர் பழுது என்று நினைக்க வேண்டாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஸ்பீக்கரின் ஓம் மதிப்பு, பெருக்கி அனுமதிக்கும் குறைந்தபட்ச ஓம் மதிப்பைவிடக் குறையக்கூடாது.

பெருக்கியின் ஆர்.எம்.எஸ். திறன் ஸ்பீக்கர் தாங்கும் திறனுக்கு அருகில் இருக்கட்டும். "சின்னப் பெருக்கி என்றால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை" என்பது முழு உண்மையன்று. சின்னப் பெருக்கியை முழு ஒலியில் திணறவிட்டால் அலையின் முகடுகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண் ஆற்றல் கூடி, ட்வீட்டர் எனப்படும் சிறிய ஸ்பீக்கர் கருகக்கூடும்.

காலை வணக்கக் கூட்டத்துக்கான பெருக்கியில் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் முனைகளும் இருக்கும். அவை மின்மாற்றி பொருத்திய ஸ்பீக்கர்களுக்கு உரியவை. வகுப்பறைச் சிறிய ஸ்பீக்கரை மறந்தும் அங்கே மாட்டக்கூடாது.

கம்பியும் ஒரு மின்தடைதான். தாமிரத்தின் மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 20 மீட்டர் தொலைவு என்றால் போக, வர 40 மீட்டர். மின்தடை 0.68 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் ஏறக்குறைய 8 விழுக்காடு மின்னழுத்தம் கம்பியிலேயே போய்விடும். தூரம் கூடினால் தடித்த கம்பி வேண்டும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் தனிக் கம்பி தேவையில்லை.

மின்னிணைப்பில் கைவைக்கத் தயங்கும் பள்ளிகளுக்கு, பெருக்கி உள்ளேயே பொருத்திவரும் ஸ்பீக்கர் நல்லது. பொருத்தும் வேலையைத் தயாரிப்பாளரே செய்திருப்பார்.

சிறிய பெட்டி போதுமா?

'பெரிய பெட்டிதான் நல்ல ஒலி தரும்' என்று நானும் நம்பியிருந்தேன். பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்துக்காக 1970களில் எல்.எஸ். 3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. உயரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர்தான். உணர்திறனும் குறைவு, ஏறக்குறைய 83 டெசிபல். பேஸ் ஒலியும் அதிகம் இல்லை. ஆனால் மனிதக் குரல் அதில் இயல்பாக ஒலித்ததால் இன்றும் அதைப் போற்றுகிறார்கள். நமக்கும் தேவை குரல்தான். 30 சென்டிமீட்டர் உயரம், ஒரு நடுத்தர ஸ்பீக்கர், ஒரு ட்வீட்டர் கொண்ட இருவழிப் பெட்டி ஒரு வகுப்பறைக்குத் தாராளமாகப் போதும்.

பெட்டியின் பக்கத்தை விரலால் தட்டிப் பாருங்கள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டினால் ஒலிக்க வேண்டும், அதற்காகவே செதுக்கியவை அவை. ஸ்பீக்கர் பெட்டியோ தட்டினால் ஒலிக்கக் கூடாது. 'டொக்' என்று அடங்க வேண்டும். 'டொய்ங்' என்று நீண்டால் பெட்டியே ஒத்ததிர்வு அடைந்து குரலோடு தன் ஒலியையும் சேர்க்கும்.

கடையில் பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள். ஏமாற வேண்டாம். மாணவர்கள் தினமும் கேட்கும் உங்கள் சக ஆசிரியரின் குரலைப் பதிவுசெய்து கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள். தெரிந்த குரல் தெரிந்த குரலாகவே ஒலிக்கிறதா என்பதே சோதனை. அண்ணாச்சி சொன்னதும் இதுதான்: "வாட்டைப் பாத்து வாங்காதிய டீச்சர், காதை வச்சு வாங்குங்க."

வைக்கும் இடம்

எங்கள் பழைய ஸ்பீக்கர் இரும்பு பீரோவின் மேல், அறையின் மூலையில் இருந்தது. மூலையில் வைத்தால் பேஸ் ஒலி பெருகும், பீரோ அதிரும். புதியவற்றைக் கரும்பலகையின் இருபுறமும், சுவரிலிருந்து சற்று விலக்கி, உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் காது உயரத்துக்குச் சற்று மேலே, ட்வீட்டர் கடைசி பெஞ்சைப் பார்க்கும்படி வைத்தோம். உயர் அதிர்வெண் ஒலி நேர்க்கோட்டில்தான் வலுவாகப் போகும். முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலை அதை மறைத்துவிடும்.

கைதட்டிப் பாருங்கள். ஒலி உடனே அடங்காமல் இழுத்தால் எதிர்முழக்கம் அதிகம். பின்சுவரில் துணித்திரை, மாணவர் படைப்புகளைக் குத்திவைக்கும் மென்பலகை ஆகியவை உதவும்.

மைதானத்தில் எதிரெதிரே கூம்பு ஸ்பீக்கர் வைத்திருக்கும் பள்ளிகள் ஒன்றைக் கவனிக்கலாம். ஒலியின் திசைவேகம் நொடிக்கு 344 மீட்டர். ஒரு மாணவருக்கு இரண்டு ஸ்பீக்கர்களின் தொலைவும் 34.4 மீட்டர் வேறுபட்டால், இரண்டாவது ஒலி 0.1 நொடி தாமதமாக வந்து எதிரொலி போலக் குழப்பும். எல்லா ஸ்பீக்கர்களையும் மேடைப் பக்கமே வைத்து ஒரே திசையில் திருப்புங்கள். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாமே ஊருக்குக் கேட்க அலறவிடலாமா?

மாணவர் செயல்பாடுகள்

*செயல்பாடு 1: முனை அறிதல்.* 1.5 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் தொடவும். காகிதக் கூம்பு முன்னே வரும். மாற்றித் தொட்டால் பின்னே போகும். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றை மட்டும் மாற்றி இணைத்தால் ஒன்றின் அழுத்தம் மற்றொன்றின் அழுத்தத்தைக் குறைக்கும், குரல் மெலிந்துவிடும். மாணவர்கள் அறையின் நடுவில் நின்று கேட்டு வேறுபாட்டைச் சொல்லட்டும்.

*செயல்பாடு 2: தொலைவும் ஒலியும்.* ஒரே ஒலியை ஒலிக்கவிட்டு 1, 2, 4 மீட்டரில் செயலியால் அளந்து வரைபடம் வரையவும். கணக்கிட்ட மதிப்புக்கும் அளந்த மதிப்புக்கும் ஏன் வேறுபாடு என்று விவாதிக்கவும். பிறகு மைதானத்தில் செய்து ஒப்பிடவும்.

*செயல்பாடு 3: சொல் வரைபடம்.* பாய், தாய், காய் வரிசையில் 20 சொற்களை ஒலிக்கவிட்டு அனைவரும் எழுதட்டும். தாளில் பெயருக்குப் பதில் இருக்கை எண் போதும். தவறான சொற்களின் எண்ணிக்கையை வகுப்பறைப் படத்தில் இருக்கை வாரியாகக் குறித்தால், எந்த மூலைக்குச் சொல் போய்ச் சேரவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

படத்தில் மிஞ்சிய ஒரு புள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுவில் கணக்கை வைத்து ஒப்புதல் பெற்று, 8 ஓம் சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டும் அவற்றுக்கேற்ற பெருக்கியும் வாங்கினோம். மீண்டும் அதே வகைச் சொற்கள். பழைய படத்தில் பின்வரிசை முழுதும் சிவப்புப் புள்ளிகள். புதிய படத்தில் அவை பெரும்பாலும் மறைந்திருந்தன. ஒரே ஓர் இருக்கையில் மட்டும் அப்படியே இருந்தன. "சத்தம் கேக்கு, என்ன சொல்லுதுன்னுதான் தெரியல" என்றானே, அவனுடைய இருக்கை.

அவனை முன்வரிசைக்கு மாற்றி மறுபடி வைத்தோம். அப்போதும் பாதிக்கு மேல் தவறு. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர்கள் திருநெல்வேலிக்குப் பரிந்துரைத்தார்கள். நடுக்காதில் நீர் சேர்ந்திருந்தது. சில மாதங்கள் சிகிச்சை தொடர்ந்தது. அவன் அம்மா என்னிடம், "கூப்பிட்டா திரும்ப மாட்டான் டீச்சர், திமிருன்னு நெனச்சு அடிச்சிருக்கேன்" என்று அழுதார். நான் அடிக்கவில்லை. ஆனால் அவனுடைய தொகுத்தறி மதிப்பீட்டுப் பதிவில் 'கவனமின்மை' என்று எழுதியவள் நான்தான்.

ஸ்பீக்கர் செவித்திறன் சோதனைக் கருவி அன்று, நாம் மருத்துவரும் அல்லர். ஆனால் வகுப்பறை ஒலி மோசமாக இருக்கும்வரை எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலத் தவறு செய்வார்கள். உண்மையிலேயே காது கேளாத பிள்ளை அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். ஒலியைச் சரிசெய்தால்தான் யாருக்கு உதவி வேண்டும் என்பது வெளியே தெரியும்.

நாளை உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். ஒரு மாணவரை முன்னே நிற்கவைத்து, பாய், தாய், காய் என்று உங்கள் வகுப்பு ஸ்பீக்கரில் ஒலிக்கவிடச் சொல்லுங்கள். நீங்களே எழுதிப் பாருங்கள். எத்தனை சரி என்று எண்ணியபிறகு, மாணவர் தாளைத் திருத்தத் தொடங்கலாம்.